ஹோம் ஃபோல்டரில் வீங்கும் லாக் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் மின்ட், சுபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளை வீட்டுக் கணினியில் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. "டிஸ்க் ஃபுல்" என்று ஆரம்பிக்கும். பல நேரம் ஒரே ஒரு லாக் கோப்பில், அதாவது நிரல்கள் தங்கள் செய்திகளை எழுதித் தள்ளும் கோப்பில், போய் நிற்கும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். "~" என்ற குறி உங்கள் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும்.

நான் புதிதாக எதையும் போடவில்லை. டிஸ்க்கில் இருந்த இடமெல்லாம் எங்கே போனது?

ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல் + ஹெச் அழுத்துங்கள். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்புகளும் ஃபோல்டர்களும் அதுவரை கண்ணில் படாமல் இருந்தவை. இப்போது வரிசையாக வந்து நிற்கும். படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் சேர்த்து 40 ஜிபிதான், ஆனால் டிஸ்க்கில் 110 ஜிபி செலவாகியிருக்கிறது என்றால் மிச்சக் கணக்கை முதலில் இங்கே தேடுங்கள்.

மெனுவில் "டிஸ்க் யூசேஜ் அனலைசர்" இருந்தால் அதை ஓட்டலாம். எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று வட்டப் படமாகக் காட்டும். தனிக் கோப்பைப் பிடிக்க எனக்கு டெர்மினல்தான் வசதி:

டியூ -ஏஹெச் ~ | சார்ட் -ஆர்ஹெச் | ஹெட் -20

இதில் "டியூ" இரண்டே எழுத்து, டி, யூ. ஹோமில் உள்ள எல்லாவற்றின் அளவையும் எடுத்து, பெரியது மேலே வரும்படி அடுக்கி, முதல் 20-ஐக் காட்டும். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுங்கள்.

".எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ்" என்று ஒரு கோப்பு 60 ஜிபி இருக்கிறது. அது என்ன?

இந்தப் பக்கத்துக்கு வருகிற பாதிப் பேருக்கு இதுதான் விடை. பெயரின் முன்னால் ஒரு புள்ளி, நடுவில் ஒரு சிறு கோடு.

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் பேச இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சாதாரணப் பேச்சு, ஸ்டாண்டர்ட் அவுட்புட். இன்னொன்று புலம்பல், ஸ்டாண்டர்ட் எரர். டெர்மினலில் இருந்து நிரலை ஓட்டினால் இரண்டும் அந்த டெர்மினலிலேயே வந்து விழும். மெனுவில் கிளிக் செய்து ஓட்டினால்? கேட்க ஆள் இல்லை. அதனால் நீங்கள் லாகின் செய்யும்போதே, லைட்டிஎம் போன்ற லாகின் மேனேஜரோ அதன் பின்னால் ஓடும் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட்டோ இந்தக் கோப்பைத் திறந்து இரண்டு வழிகளையும் அதற்குள் திருப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த செஷனுக்குள் (லாகின் முதல் லாக் அவுட் வரை) பிறக்கும் நிரல்களுக்கு இந்தத் திருப்பல் பரம்பரைச் சொத்து மாதிரி வந்து சேர்கிறது. பிரவுசர், பேனல், மூலையில் இருக்கும் சின்ன ஐகான் நிரல்கள் எல்லாம் ஒரே கோப்பில்தான் எழுதுகின்றன.

பெயரில் "எர்ரர்ஸ்" இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உண்மையான பிழை அல்ல. "இந்த ஐகான் தீமில் இல்லை", "இந்தச் செயல்பாடு இனி வழக்கில் இல்லை" என்கிற மாதிரி, நிரலை எழுதியவர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட குறிப்புகள்.

வெறும் எழுத்து எப்படி 60 ஜிபி ஆகும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரி சுமார் 100 பைட். ஒரு நிரல் எங்கேயோ சிக்கிக்கொண்டு, அதே வரியை நொடிக்கு 1000 முறை எழுதுகிறது. நொடிக்கு 100 கேபி, மணிக்கு 360 எம்பி, நாளுக்கு 8.64 ஜிபி. ஒரு வாரத்தில் 60 ஜிபி. நொடிக்கு 1000 வரி என்பது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. ஃபேன் சத்தம்கூட ஏறாது, அதனால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இதோடு நம் பழக்கமும் சேர்கிறது. லைட்டிஎம் ஒவ்வொரு புது லாகினிலும் பழைய கோப்புக்கு ".ஓல்டு" என்று வால் ஒட்டி ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். ஆக, எப்போதும் இரண்டு கோப்புதான் இருக்கும். தினமும் லாக் அவுட் செய்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. ஆனால் இன்று யார் லாக் அவுட் செய்கிறார்கள்? சஸ்பெண்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம், காலையில் எழுப்புகிறோம். கணினியைப் பொறுத்தவரை மூன்று வாரமும் ஒரே செஷன்தான், ஒரே கோப்புதான்.

அழித்துவிடலாமா?

அழிக்கலாம், ஆனால் இடம் திரும்பி வராமல் போகலாம். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

120 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பழைய கணினி. ஒரு நாள் மாலை ஒரு கடிதத்தைத் தட்டி முடித்துச் சேமிக்கப் போனால் "இடமில்லை". தேடிப் பார்த்தால் இந்தக் கோப்பு 71 ஜிபி. ஃபைல் மேனேஜரில் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டினேன். மாற்றமே இல்லை. அட, ட்ராஷுக்குத்தானே போயிருக்கும் என்று ட்ராஷையும் காலி செய்தேன். கோப்பு எங்கேயும் கண்ணில் படவில்லை, ஆனால் டிஸ்க் மட்டும் அப்படியே நிரம்பியிருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் மிச்சமிருந்த சில எம்பியும் போயிருந்தது.

நடந்தது இதுதான். லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் என்பது கதவில் ஒட்டிய சீட்டு. நாம் அழிப்பது சீட்டைத்தான். உள்ளே ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்வரை அது அறையைக் காலி செய்யாது, தொடர்ந்து எழுதவும் செய்யும். ட்ராஷுக்கு நகர்த்தினாலும் அப்படியே: ஒரே பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டும்தான் என்பதால், எழுதுகிற நிரல் ட்ராஷுக்குள்ளே போயும் எழுதிக்கொண்டிருக்கும். கடைசியாகத் திறந்து வைத்திருக்கும் நிரல் மூடினால்தான் இடம் விடுபடும்.

ஏற்கனவே அழித்துவிட்டீர்களா? லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள், சரியாகிவிடும். பெயரிழந்த கோப்பை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் "எல்எஸ்ஓஎஃப் +எல்1" கட்டளை காட்டும் (இந்த இரண்டாவது எல் மட்டும் பெரிய எழுத்து).

சரி, அழிக்காமல் காலி செய்வது எப்படி?

ட்ரங்கேட் -எஸ் 0 ~/.எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ்

கோப்பு அதே இடத்தில், அதே பெயரில் இருக்கும். உள்ளே இருப்பது மட்டும் பூஜ்யமாகும். இடம் உடனே திரும்பும், லாக் அவுட் தேவையில்லை. ".ஓல்டு" கோப்பை யாரும் திறந்து வைத்திருக்க வாய்ப்பில்லை, அதைத் தாராளமாக அழிக்கலாம்.

சில நேரம் காலி செய்த பிறகும் ஃபைல் மேனேஜர் அதே 71 ஜிபி என்று காட்டி வயிற்றைக் கலக்கும். எழுதுகிற நிரல் கோப்பை "கடைசியில் சேர்" முறையில் திறக்காமல், தான் விட்ட இடத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் இப்படி ஆகும். முன்னால் 71 ஜிபி ஓட்டை, அதற்குப் பின்னால் நாலு வரி. ஓட்டைக்கு டிஸ்க்கில் இடம் செலவாவதில்லை. "எல்எஸ் -எல்" சொல்வது வெளித் தோற்ற அளவு. "டியூ -ஹெச்" சொல்வது உண்மையாக உட்கார்ந்திருக்கும் இடம். இரண்டாவதை நம்புங்கள்.

பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கும் லாக் கோப்புக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. லாகின் ஆகும்போது ".எக்ஸ்அதாரிட்டி" போன்ற சில சின்னக் கோப்புகளை ஹோமில் எழுதியாக வேண்டும். ஒரு பைட்கூட இடமில்லையென்றால் எழுத முடியாது, செஷன் விழுந்துவிடும், மறுபடி லாகின் திரை. பலர் இந்தக் கட்டத்தில் சிஸ்டமே போய்விட்டது என்று முழுதாக ரீஇன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். வேண்டாம். கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து லாகின் வரும். உள்ளே போய் "டிஎஃப் -ஹெச்" தட்டி எந்தப் பார்ட்டிஷன் 100 சதவீதம் என்று பாருங்கள். பெரிய கோப்பைத் தேடிக் காலி செய்யுங்கள். பிறகு ரீஸ்டார்ட்.

எந்த நிரல் எழுதுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மேலே சொன்னதெல்லாம் முதலுதவி. கோப்பைக் காலி செய்துவிட்டு நிம்மதியாகப் போனால் அடுத்த வாரம் திரும்ப வருவீர்கள். எழுதுகிற ஆளைப் பிடிப்பதுதான் வேலை. காலி செய்வதற்கு முன்பே ஆதாரத்தைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு எச்சரிக்கை: 60 ஜிபி கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்காதீர்கள். நினைவகத்தை விழுங்கி முழுக் கணினியையும் உறையவைத்துவிடும். வாலை மட்டும் பார்த்தால் போதும்:

டெய்ல் -என் 50 ~/.எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ்

ஜிடிகே (ஜன்னல், பட்டன் வரையும் நூலகம்) வகை நிரல்களாக இருந்தால் வேலை சுலபம். அவை எழுதும் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நிரலின் பெயர், முக்காற்புள்ளி, அதன் செயல்முறை எண் இருக்கும். என் கணினியில் வந்தது ஏறக்குறைய இப்படி: அடைப்புக்குறிக்குள் ஏதோ ஒரு "ட்ரே" நிரலின் பெயர், 2214 என்ற எண், அப்புறம் "ஜிடிகே-வார்னிங்", அப்புறம் இன்ன பெயருள்ள ஐகான் தீமில் இல்லை என்ற செய்தி. கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி. கண்ணுக்கெட்டிய தூரம்வரை அதே வரி. கோப்புகளை இணையத்தோடு ஒத்திசைக்கும் ஒரு நிரலின் மூலை ஐகான். தனக்கு வேண்டிய படம் நான் புதிதாக மாற்றிய ஐகான் தீமில் இல்லை என்று எட்டு நாளாக இடைவிடாமல் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறது. தீமை மாற்றியது நான்தான். ஆனாலும், ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

பெயர் போடாமல் புலம்பும் நிரல்களும் உண்டு. அப்போது எந்த வரி அதிகம் என்று எண்ணிப் பாருங்கள்:

டெய்ல் -என் 100000 ~/.எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -ஆர்என் | ஹெட்

"யூனிக்" என்பதை யூ, என், ஐ, க்யூ என்று நாலெழுத்தாகத் தட்ட வேண்டும். கடைசி ஒரு லட்சம் வரிகளில் எது எத்தனை முறை வந்தது என்று மேலிருந்து கீழாக வரும். வரியில் நேரம் அச்சாகியிருந்தால் ஒவ்வொரு வரியும் தனித்தனி என்று எண்ணிவிடும். அந்த நிலையில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி பழைய வழிதான். "டெய்ல் -எஃப்" போட்டு வரிகள் ஓடுவதை ஒரு ஜன்னலில் பார்த்துக்கொண்டே, மற்ற நிரல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அதுதான். "ஐஓடாப்" இருந்தால் டிஸ்க்கில் யார் எழுதுகிறார்கள் என்று அதுவும் காட்டும், சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) வேண்டும். "எல்எஸ்ஓஎஃப்" கொண்டு இந்தக் கோப்பைத் திறந்திருப்பவர் யார் என்று கேட்பதில் பயனில்லை. செஷனில் இருக்கிற அத்தனை பேர் பெயரும் வந்து நிற்கும்.

ஆளைப் பிடித்தாயிற்று. அடுத்து?

அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். தீம், எக்ஸ்டென்ஷன், ஆப்லெட் ஏதாவது சமீபத்தில் மாற்றினீர்களா? திருப்பி வைத்துப் பாருங்கள். அந்த நிரல் உண்மையில் வேண்டுமா என்றும் யோசியுங்கள். லாகினோடு தானாக எழும் பட்டியலில் நாம் மறந்தே போனவை இரண்டு மூன்று இருக்கும்.

நிரல் வேண்டும், புலம்பலும் நிற்கவில்லை என்றால் அதன் வாயை மட்டும் கட்டலாம். அதன் ".டெஸ்க்டாப்" கோப்பை (அதை எந்தக் கட்டளையால் ஓட்டுவது என்று மெனுவுக்குச் சொல்லும் கோப்பு) "~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்" ஃபோல்டருக்கு நகலெடுத்து, "எக்ஸெக்" (முதல் எழுத்து பெரியது) என்று தொடங்கும் வரியில் இருக்கும் கட்டளையை எஸ்ஹெச் -சி "பழைய கட்டளை >/டெவ்/நல் 2>&1" என்று மாற்றுங்கள். தானாக எழும் நிரலாக இருந்தால் நகல் "~/.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட்" ஃபோல்டரில் இருக்க வேண்டும். "/டெவ்/நல்" என்பது லினக்ஸின் அடியில்லாத குப்பைத்தொட்டி, போட்டது போட்டதுதான். கேடிஈ டெஸ்க்டாப் வகை, அதாவது க்யூடி நூலகத்தில் எழுதிய நிரல்களுக்குக் கொஞ்சம் நாகரிகமான வழி உண்டு: "க்யூடி_லாக்கிங்_ரூல்ஸ்" என்ற சூழல் மாறியில் (முழுக்கப் பெரிய எழுத்து) "*.டீபக்=ஃபால்ஸ்" என்று கொடுத்தால் டீபக் செய்திகள் மட்டும் நின்று, எச்சரிக்கைகள் தொடரும்.

மொத்தக் கோப்பையே /டெவ்/நல்லுக்கு லிங்க் செய்துவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

பல இடங்களில் இந்த யோசனையைப் பார்க்கலாம். எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு டெஸ்க்டாப் எழும்பாமல் விழும்போது, ஏன் விழுந்தது என்று சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி இந்தக் கோப்புதான். ஒருவன் சத்தம் போட்டான் என்பதற்காக ஊர் முழுக்க வாயைக் கட்டுவது எதற்கு?

தவிர, எல்லா இடத்திலும் இது பலிக்காது. டெபியனின் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட், கோப்பு ஒரு சிம்பாலிக் லிங்க்காக (வேறு கோப்பைச் சுட்டும் பெயர்) இருந்தால் அதைத் தொடாமல், தற்காலிகக் கோப்பு ஒன்றை வேறிடத்தில் திறந்து அதில் எழுத ஆரம்பித்துவிடும். வீக்கம் இடம் மாறும், அவ்வளவுதான்.

"யூலிமிட்" போட்டு இத்தனை எம்பிக்கு மேல் எழுதாதே என்று சொல்ல முடியாதா?

முடியும், ஆனால் செய்யாதீர்கள். அந்த வரம்பு லாக் கோப்புக்கு மட்டும் அல்ல, அந்த நிரல் எழுதும் எல்லாக் கோப்புக்கும் பொருந்தும். வீடியோ டவுன்லோடு பாதியில் செத்துப்போகும்.

லாக்ரொட்டேட்டை என் ஹோமுக்கு மட்டும், ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. "/வார்/லாக்" ஃபோல்டரில் இருக்கும் சிஸ்டம் லாக்குகளை அவ்வப்போது மடித்து, சுருக்கி, பழையதைத் தூக்கிப் போடுகிற நிரல்தான் லாக்ரொட்டேட். சிஸ்டம் அமைப்பு உங்கள் ஹோமைத் தொடாது என்பதால் உங்களுக்கென ஒரு சின்ன அமைப்புக் கோப்பு எழுத வேண்டும். எந்த லாக் கோப்பு என்று முழுப் பாதையையும் கொடுத்து, நெளிவு அடைப்புக்குறிக்குள் வரிக்கு ஒன்றாக இவற்றைப் போடுங்கள்: சைஸ் 50எம் (எம் பெரிய எழுத்து), ரொட்டேட் 2, கம்ப்ரெஸ், மிஸ்ஸிங்ஓகே, காப்பிட்ரங்கேட். ஓட்டும்போது "-எஸ்" கொடுத்து, நிலைக் கோப்பு (எதை எப்போது மடித்தது என்ற அதன் குறிப்பு) எங்கே என்று ஹோமுக்குள்ளேயே ஓர் இடத்தைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் சிஸ்டத்தின் நிலைக் கோப்பில் எழுதப் போய், அனுமதி இல்லை என்று நின்றுவிடும். அமைப்புக் கோப்பை மற்றவர்கள் திருத்தும்படி அனுமதி வைத்தாலும் ஏற்காது.

"காப்பிட்ரங்கேட்" இங்கே கட்டாயம். காரணம் மேலே சொன்ன சீட்டுக் கதைதான். சாதாரணமாக லாக்ரொட்டேட் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் புதுக் கோப்பு வைக்கும். செஷனில் இருக்கும் நிரல்களோ பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். காப்பிட்ரங்கேட் போட்டால் நகலெடுத்துவிட்டு, அசலை அதே இடத்தில் காலி செய்யும். நகலுக்கும் காலி செய்வதற்கும் நடுவில் எழுதப்பட்ட ஒன்றிரண்டு வரி தொலையலாம்; நமக்கு அது ஒரு பொருட்டல்ல.

இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, கோப்பு 60 ஜிபி ஆன பிறகு லாக்ரொட்டேட்டை ஓட்டுவது. நகலெடுக்க இன்னொரு 60 ஜிபி வேண்டுமே, எங்கே போவது? முதலில் கையால் காலி செய்யுங்கள். இன்னொன்று, "சைஸ் 50எம்" என்று போட்டால் 50 எம்பியைத் தாண்டவே தாண்டாது என்று நம்புவது. லாக்ரொட்டேட் காவலுக்கு நிற்பதில்லை. ஓட்டும்போது மட்டும்தான் வந்து பார்க்கும். தினம் ஒரு முறை ஓட்டினால் நடுவில் 8 ஜிபி சேரலாம். மணிக்கு ஒரு முறை ஓட்டுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் "@டெய்லி" என்று போடுகிறவர்களுக்கு: அது நள்ளிரவில் ஓடும். உங்கள் கணினி நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அந்த வேலை நடக்கவே நடக்காது. லினக்ஸின் சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் டைமரில் "ஆன்காலண்டர்=அவர்லி", "பெர்சிஸ்டன்ட்=ட்ரூ" என்று வைத்தால் (ஆன், காலண்டர், பெர்சிஸ்டன்ட் மூன்றுக்கும் முதல் எழுத்து பெரியது), தவறவிட்டதை எழுந்ததும் ஓட்டிவிடும்.

என்னிடம் இந்தக் கோப்பே இல்லை. நான் க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறேன்.

க்னோமும் அதன் லாகின் மேனேஜர் ஜிடிஎம்மும் சேர்ந்த இன்றைய அமைப்புகளில் இந்தப் புலம்பலெல்லாம் சிஸ்டம்டியின் ஜர்னலுக்குப் போகிறது. அது ஹோமில் இல்லை. "/வார்/லாக்/ஜர்னல்" ஃபோல்டரில் இருக்கிறது. தனியாக அமைக்காவிட்டாலும் அதற்கு ஒரு கடிவாளம் உண்டு: பார்ட்டிஷனில் 10 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 4 ஜிபி. "ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்" இப்போதைய அளவைச் சொல்லும்; "--வேக்யூம்-சைஸ்=200எம்" (கடைசி எம் பெரிய எழுத்து) கொடுத்தால் பழையதை வெட்டிவிடும். நம் எக்ஸ்செஷன் கோப்புக்கு இப்படி ஒரு கடிவாளத்தை யாரும் கட்டவில்லை என்பதுதான் வித்தியாசம்.

கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்பும் எஸ்டிடிஎம் லாகின் மேனேஜரும் வைத்திருப்பவர்கள் "~/.லோக்கல்/ஷேர்/எஸ்டிடிஎம்" ஃபோல்டரைப் பாருங்கள். திரையில் ஜன்னல்களைக் காட்டும் முறைகள் இரண்டு: எக்ஸ்ஆர்க் செஷனுக்கு ஒன்று, வேலேண்ட் செஷனுக்கு ஒன்று என லாக் கோப்பு இருக்கலாம். மேலே சொன்ன அத்தனையும் அவற்றுக்கும் பொருந்தும்.

ஹோமில் வேறு என்னென்ன லாக்குகள் சேரும்?

"ஃபைண்ட் ~ -நேம் '*.லாக்' -சைஸ் +100எம்" என்று கேட்டால் (கடைசி எம் பெரிய எழுத்து) 100 எம்பிக்கு மேலானவை வரும். எல்லா லாக்கும் அந்த வாலோடு இருப்பதில்லை. நம் கதாநாயகனுக்கே அந்த வால் கிடையாது.

கணினிக்குள் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு மெஷினின் ஃபோல்டருக்குள்ளும் "லாக்ஸ்" ஃபோல்டர் வைத்திருக்கும். பழையதில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் நல்ல பிள்ளை. நிரலாளர்கள் பயன்படுத்தும் என்பிஎம் "~/.என்பிஎம்/_லாக்ஸ்" ஃபோல்டரில் பத்து வரை வைக்கும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் "~/.கேஷ்" உள்ளே பதிப்புக்கு ஒரு ஃபோல்டராகப் போட்டு வைப்பதால், மூன்று பதிப்பு முன்னால் கைவிட்டதன் லாக்கும் கேஷும் அங்கேயே கிடக்கும். ஜாவா நிரல் நினைவகம் போதாமல் விழும்போது "ஹெச்ப்ரொஃப்" வாலோடு நினைவகத்தின் முழு நகலைக் கொட்டிவிட்டுப் போவதுண்டு. அது லாக்கே இல்லை, ஆனால் சில ஜிபி இருக்கும்.

நிரலாளர்கள் கேட்டால் ஒரு வார்த்தை. எந்தக் கோப்பை ஹோமில் எங்கே வைப்பது என்று சொல்லும் எக்ஸ்டிஜி அடைவு விதியின் 2021-இல் வந்த 0.8 பதிப்பு, லாக்குகளுக்கும் ஹிஸ்டரிக்கும் "~/.லோக்கல்/ஸ்டேட்" என்று தனி இடமே ஒதுக்கியிருக்கிறது. அங்கே எழுதுங்கள். ஹோமின் வாசலில் புள்ளிக் கோப்பு கொட்டாதீர்கள்.

இப்படி எழுதிக்கொண்டே இருந்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா?

நாளுக்கு 8.64 ஜிபி என்றால் வருடத்துக்கு 3 டிபிக்குச் சற்று மேல். 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டிபி எழுத்து வரை உத்தரவாதம் உண்டு. கவலையை இடத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎஃப் கட்டளை மொத்தம் 100, செலவு 95, மிச்சம் 0 என்கிறது. மீதி 5 எங்கே?

இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். சாதாரணப் பயனரின் நிரல் டிஸ்க்கை நிரப்பினாலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய மூச்சுவிடும் இடம் அது. அதனால்தான் மேலே சொன்ன கறுப்புத் திரை வைத்தியம் சூடோவோடு பெரும்பாலும் பலிக்கிறது. ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால், சூடோவோடு "ட்யூன்2எஃப்எஸ் -எம் 1" போட்டு (பார்ட்டிஷன் பெயரும் சேர்த்து) 1 சதவீதமாகக் குறைக்கலாம். சிஸ்டமும் ஹோமும் ஒரே பார்ட்டிஷன் என்றால் நான் தொடமாட்டேன்.

காலி செய்தேன், டியூவும் பூஜ்யம் என்கிறது, ஆனால் இடம் வரவில்லை.

ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ்ஸா? ஹோமுக்கு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைத்திருந்தால் பழைய 60 ஜிபி அந்த ஸ்னாப்ஷாட்டுக்குள் பத்திரமாக இருக்கும். அந்த ஸ்னாப்ஷாட்டை அழித்தால்தான் இடம் வரும்.

உதவி கேட்கும் இடத்தில் லாக்கை அப்படியே போடலாமா?

முழுதாகப் போடாதீர்கள். உங்கள் பயனர் பெயர், ஃபோல்டர் பெயர்கள், திறந்த கோப்புகளின் பெயர்கள், சில நேரம் இணைய முகவரியோடு ஒட்டிய ரகசியச் சாவிகள்கூட உள்ளே இருக்கும். அந்தக் கோப்பை உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதி வைத்திருப்பதும் அதனால்தான். கடைசி 200 வரியை வேறு கோப்பில் எடுத்து, ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்து, வேண்டாததை அடித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே வரி ஆயிரம் முறை வந்திருந்தால் ஒரு முறை போட்டு, இத்தனை முறை என்று எழுதினால் போதும். படிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

இந்தக் கோப்பு எவ்வளவு இருந்தால் சரி?

சில கேபியில் இருந்து சில எம்பி வரை. 100 எம்பியைத் தாண்டினால் வாலைப் பார்ப்பேன். ஒத்திசைவு நிரலின் ஐகானைச் சரிசெய்த பிறகு, ஒரு வாரம் லாக் அவுட் செய்யாமலே ஓடிய என் கணினியில் இன்று காலை பார்த்தபோது 212 கேபி.